அடியில் மணல்

பகாவிலிருந்து கடலுக்கு
எந்தப் பக்கம் போனாலும் இரண்டு மணி நேரம்.
அண்ணன் பதினெட்டு வயதில் போனான்.
சன்னாசி, த/பெ வீரமலை, ஐந்தாம் லயம்.
கடற்படைக் கடிதத்தைக் கிராணி உரக்க வாசித்தார்,
பெரட்டுக்கு நின்ற அறுபது பேரும் கேட்க.
அவனுக்கு நீந்தத் தெரியாது.
தெரியும் என்று படிவத்தில் எழுதியது நான்.
என் கையெழுத்து நன்றாக இருக்கும்.

லுமுட்டில் முதல் மாதம்
இடுப்பில் கயிறு கட்டித் தூக்கிப் போட்டார்களாம்.
மூன்றாவது தடவை கயிறு தேவைப்படவில்லையாம்.
இதை அவன் சொல்லவில்லை,
கூடப் படித்த கிளந்தான்காரர் ஒருவர்
கல்யாணத்துக்கு வந்தபோது சொன்னார்.

சுடுகிற கப்பல் இல்லை அவனுடையது,
அளக்கிற கப்பல்.
வெள்ளை நிறம். கீழே ஒரு சத்தத்தை அனுப்பும்,
அது தரையில் பட்டுத் திரும்பும் நேரத்தை
ஆழமாக எழுதிக்கொள்ளும்.
"முப்பது வருஷமா இதையா செஞ்சே?"
"பாதி நேரம் காத்திருந்தேன்" என்பான்.

அப்பா போன அன்று
தென்சீனக் கடலில் ஏதோ ஒரு பாறையைச்
சுற்றிக்கொண்டிருந்தான்.
தகப்பனுக்கு மூத்தவன்தானே என்று இழுத்தார்கள்.
மழை வருகிறது என்றேன்,
கொள்ளியை வாங்கினேன்.
ஒன்பதாம் நாள் வந்தான், வெள்ளை உடுப்போடு.
தலையில் முடி இருந்ததால்
தொப்பியைக் கழற்றவேயில்லை.
நான் மன்னிக்கவில்லை.
மாதாமாதம் வந்த பணத்தை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

ஓய்வு பெற்று வந்து தாமானில் வீடு வாங்கினான்.
கமாண்டராகத்தான் இறங்கினான்,
ஊர் 'கெப்டன்' என்றது, அவன் திருத்தவில்லை.
காலையில் கோப்பிக்கடை. ரொட்டி, அரைவேக்காட்டு முட்டை.
"கெப்டன், பசியாறியாச்சா?"
"ஆச்சு."
அதற்கு மேல் யாருக்கும் அவனிடம் பேச
எதுவும் இருந்ததில்லை,

ஹேமசுதன் கல்லுடைத்த குழியில் முழுகும் வரை.
பதின்மூன்று வயது. செருப்பு மட்டும் மேலே.
பொம்பாக்காரர்கள் இரண்டு நாள் தேடினார்கள்.
எவ்வளவு ஆழம் என்று கேட்டதற்கு
ஒருவர் இரண்டு ஆள் என்றார்,
ஒருவர் பனைமரம் என்றார்,
தோட்ட ஆபீசில், அப்படி ஒரு குழியே
தங்கள் நிலத்தில் இல்லை என்றார்கள்.

காரியம் முடிந்த மறுநாள்
அண்ணன் ஆலைக்கு வந்தான்.
செம்பனை லோரி ஏறும், எழுதுவேன்,
காலியாக இறங்கும், கழிப்பேன்.
அதுதான் என் உத்தியோகம்.
எடைமேடைக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடந்த
இரண்டு கிலோ படிக்கல்லைக் கேட்டான்.
எழுத ஓர் ஆள் வேண்டும் என்றான்.
"உன் கையெழுத்து நல்லாருக்கும்."

இரண்டு நீலப் பீப்பாய், மேலே பலகை.
கயிற்றில் மீட்டருக்கொரு சிவப்புத் துணி.
கல்லின் அடியில் கொஞ்சம் சோப்பு தடவியிருந்தான்;
எது ஒட்டி வருகிறதோ அதுதான் தரை.
"நாலு. பாறை."
"நாலரை. பாறை."
"பதினொன்று."
கல்லைத் திருப்பிப் பார்த்தான். "சேறு."
ஓர் அடிதான் நகர்ந்திருந்தோம்.

மூன்று நாளில் இருநூற்றுப் பன்னிரண்டு எண்கள்.
தமிழ்ப்பள்ளிக்கு ஒரு படம்,
கோப்பிக்கடையில் நம்பர் ரிசல்ட்டுக்குப் பக்கத்தில் ஒன்று,
தோட்ட ஆபீசுக்கு ஒன்று, பதிவுத் தபாலில்.

கடைசி நாள், நடுக்குழியில்,
கயிற்றைச் சுருட்டிக்கொண்டே கேட்டான்:
"அப்பா எத்தனை மணிக்குடா?"
இருபத்தாறு வருஷம் கழித்து.
"நாலே கால். ஆலைச் சங்கு ஊதி முடிஞ்சிருந்தது."

சட்டைக்குள்ளிருந்து எண்ணெய்த்தாள் சுற்றிய
பழைய குறிப்பேடு ஒன்றை எடுத்தான்.
பக்கம் தேடவில்லை, அடையாளம் வைத்திருந்தான்.
விரலால் வரிசையில் இறங்கி,
நாலு பதினைந்தில் நின்றான்.

"முப்பத்தெட்டு மீட்டர்" என்றான்.
"அடியில் மணல்."

பென்சில் என் கையில் இருந்தது.
அதையும் எழுதிக்கொண்டேன்.